பலகையில் கூட்டிய ஆறு வருடம்

அந்தத் தெருவில் எந்தக் கடையின் பலகையும் தன் வயதை உள்ளபடி சொன்னது கிடையாது. டயருக்கு ரப்பர் ஒட்டுகிறவன் போன மழைக்குத்தான் கடை திறந்திருப்பான். பலகையைப் படித்தால் அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒட்டிக்கொண்டிருப்பான். பூட்டுக்கடை, பேட்டரிக்கடை, தராசு ரிப்பேர் எல்லாம் அதே கதைதான். புதுக்கடை என்றால் வருகிறவன் வாசலில் நின்றே பேரம் பேசுவான். பழைய கடை என்றால் உள்ளே வந்து உட்கார்ந்து பேசுவான். அதனால் பலகை எழுதும் பெயிண்டர் தூரிகையை நனைத்ததும் கேட்கிற முதல் கேள்வியே, "எத்தனை வருஷம் கூட்டணும்?" என்பதுதான். அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. மாப்பிள்ளைக்கு வயதைக் குறைத்துச் சொல்வதைப் போல, கடைக்குக் கூட்டிச் சொல்வது. அவ்வளவுதான்.

அந்தத் தெருக் கோடியில், தகரக் கூரை போட்ட கொட்டகையில், லக் அடிக்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். லக் என்பது மின்சாரக் கம்பியின் நுனியில் மாட்டுகிற செம்புத் துண்டு. ஒரு பக்கம் வளையம், திருகு போட்டு முறுக்க. மறுபக்கம் குழல், கம்பியின் மேலுறையை உரித்து, இழைகளை அதற்குள் நுழைத்து, இடுக்கியால் ஒரே அழுத்து. குழல் நசுங்கி இழைகளைக் கவ்விக்கொள்ளும். விளக்கு எரிந்தால் மார்தட்டிக்கொள்ள ஆயிரம் பேர் உண்டு. அந்தத் துண்டு மட்டும் பெட்டிக்குள் வாய் மூடிக் கிடக்கும். அது வாய் திறந்த அன்றைக்குக் கட்டடமே எரியும்.

பெரியவர் படித்தது எழுத்துக் கூட்டுகிற அளவுக்கு. தகப்பனார் போன பிறகு, தகடு வெட்டுகிற பிரஸ் எந்திரப் பட்டறையில் செம்புச் சீவல் கூட்டப் போனார். கூட்டினார், எண்ணெய் விட்டார், பிறகு பிரஸ்ஸிலேயே உட்கார்ந்தார். வலது ஆள்காட்டி விரலின் நுனி அங்கேதான் போயிற்று. யாராவது அந்த விரலைப் பார்த்தால், "பிரஸ் கேட்டுச்சு, கொடுத்தேன். அதுக்கப்புறம் நான் கேட்டதெல்லாம் அது கொடுத்துச்சு" என்பார். பழைய இரும்புக்காரன் உடைத்து விற்க வைத்திருந்த ஒரு பிரஸ்ஸை இழுத்து வந்து, தானே கழற்றி, தானே மாட்டி, ஓடவைத்தார். எவன் கையையும் பிடித்து மேலே வந்தவரில்லை. இதை அவர் எல்லோரிடமும் சொல்வார். கேட்டவரிடமும் சொல்வார், கேட்காதவரிடமும் சொல்வார். தகட்டை விரலால் ஒரு சுண்டு சுண்டினால் கனம் என்ன என்று சொல்லிவிடுவேன் என்பார். சொல்லவும் செய்தார். அதையும் சும்மா சொல்ல மாட்டார். ஆள் சேர்ந்த பிறகுதான் சுண்டுவார்.

மனைவி சீக்கிரம் போய்விட்டாள். ஒரே மகள். அவளை ஐஸ் தொழிற்சாலையில் மின்வேலை பார்த்த ஒருவனுக்குக் கொடுத்தார். அதிகம் பேசாத பையன். "எனக்கும் சேர்த்து மாமாவே பேசிடறாரே" என்பான். மாமனாருக்கு அந்தப் பேச்சு பிடிக்கும். பிடிக்கும் என்று மட்டும் சொல்லமாட்டார்.

ஐஸ் தொழிற்சாலையின் மின்பெட்டி முழுக்க அவர் அடித்த லக்தான். மருமகன் வேறு யாரிடம் வாங்குவான்? பெரிய மோட்டார் இரவும் பகலும் ஓடும் இடம் அது, சுவரே நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கத்தில் ஒரு லக்குக்குள்ளிருந்த இழைகள் நூல் நூலாக நழுவின. நழுவிய இடம் சூடானது. சூடு உறையைப் பிடித்தது. பெட்டி பற்றிக்கொண்டதும் எல்லோரும் வெளியே ஓடினார்கள். மருமகன் மெயினை அணைக்க உள்ளே ஓடினான். மெயினை அணைத்தும் விட்டான். திரும்பி மட்டும் வரவில்லை.

கரிந்த பெட்டியிலிருந்து அந்த லக்கைப் பெரியவர் தேடி எடுத்து வந்தார். கொட்டகையில் மேசை விளக்கடியில் வைத்துப் பார்த்தார். குழல் நன்றாகத்தான் நசுங்கியிருந்தது. தன் அழுத்தில் அவர் ஒரு குறையும் காணவில்லை. ஆனால் இழைகள், இளைத்துப்போன விரலிலிருந்து மோதிரம் கழல்வதைப் போல, முழுசாகக் கழன்றிருந்தன. வெளியிலிருந்து மட்டும் பிடித்தால் போதாது, உள்ளேயும் பிடி வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மகளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அப்பாவுக்குச் சோறு கொண்டுவருகிறேன் என்று கொட்டகைக்கு வந்தவள், திரும்பிப் போகாமல் அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அவர் உள்பிடி உள்ள புது லக்கைச் செய்தார். குழலின் அடித்தகட்டிலிருந்து சின்னதாக ஒரு நாக்கை வெட்டி நிமிர்த்தினார். இடுக்கி அழுத்தும்போது இழைகள் அந்த நாக்கைச் சுற்றி மூடிக்கொள்ளும். கம்பியைப் பின்னால் இழுத்தால் நாக்கு இன்னும் ஆழமாக ஊன்றும். யோசனை லேசாக வந்துவிட்டது. ஆனால் செய்த நாக்கெல்லாம் இழைகளை அறுத்தது. விறைப்பாக விட்டால் அறுத்தது, மெலிதாக்கினால் தானே ஒடிந்தது. அடித்து, உடைத்து, மறுபடி டை என்கிற வெட்டச்சைச் செதுக்கி, மாதக்கணக்கில் அல்லாடினார். கடைசியில் நாக்கின் வேரில் ஒரு பள்ளம் கீறினார். அழுத்தும்போது நாக்கு அறுக்காமல் மெல்லப் படுத்து, படுத்த பிறகு நிமிர மறுத்தது.

"வாய்க்குள்ள உள்நாக்கு மாதிரி இருக்கு" என்றாள் மகள். அதற்கு முன்பு அவள் பேசியே பல நாளாகியிருந்தது.

பெயர் அப்படியே நின்றது. லக்கும் உள்நாக்கு, ஆளும் உள்நாக்கு. "உள்நாக்கு அண்ணன்" என்றால் மின்வேலைக்காரர் எல்லோருக்கும் தெரியும்.

மோட்டாருக்குச் சுருள் கட்டுகிற வைண்டர் ஒருவர் இருந்தார், பெரியவருக்குத் தம்பி மாதிரி. அவருக்குத்தான் முதல் பிடி லக். அடுத்து தெருவில் போகிற வருகிற மின்வேலைக்காரர் சட்டைப்பையில் எல்லாம் ஆளுக்கொரு பிடி போட்டார். "இதைப் போடுங்கடா. இனி எவன் பெட்டியும் எரியக்கூடாது" என்பார். அப்படிச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் வீறாப்பு இருக்காது.

லக் விற்று ஓடத் தொடங்கியதும் மகளும் கொட்டகையிலேயே வேலைக்குச் சேர்ந்துகொண்டாள், பலகையும் எழுதினார்கள். பெயிண்டர் ஏணியில் நின்றபடி வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எத்தனை கூட்டணும்ணே?"

"ஆறு போடு. நம்ம கைக்கு ஆறு கூடத் தாங்காதா?"

'உள்நாக்கு லக் பிறந்த இடம் இதுவே' என்று சிவப்பில் எழுதி, கீழே ஆறு வருடம் முந்திய ஆண்டை மஞ்சளில் எழுதினார் பெயிண்டர். மகள் அண்ணாந்து பார்த்தாள்.

"ஆறு வருஷம் முன்னாடியே இது உங்ககிட்ட இருந்திருந்தா..." என்றவள் அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

"தெருவே அப்படித்தானேம்மா எழுதுது" என்றார் பெரியவர். அவள் நிறுத்தின இடம் எது என்று அவர் யோசிக்கவில்லை. ஏணியை ஓரமாக நகர்த்தச் சொன்னார்.

பலகையின் மஞ்சள் காய்ந்து கொஞ்ச காலம் போனதும் வைண்டர் ஒரு கரிந்த துண்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

"அண்ணே, இது உங்களுதா?"

பெரியவர் சுண்டினார். "தகடு பேப்பர் மாதிரி இருக்கு. என் கொட்டகை வாசலைக்கூட மிதிச்சிருக்காது."

நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய தொழிற்சாலை ஒன்று உள்நாக்கைப் பார்த்துப் போலி அடித்திருந்தது. நாக்கு இருந்தது, வேரில் பள்ளம் இல்லை. மெல்லிய தகடு. அழுத்தியதும் நாக்கு பாதி இழைகளை அறுத்துவிட்டு உள்ளேயே ஒடிந்து கிடந்தது. நாக்கே இல்லாத பழைய லக்கைவிட அது மோசம். வைண்டர் சரி பார்க்கப் போன மாவு மில்லில் மோட்டார் எரிந்ததோடு போயிற்று.

"இனிமே எத்தனை இடத்துல எரியுமோ" என்றாள் மகள். "எரிஞ்சா உள்நாக்கு எரிஞ்சுதுன்னுதான் சொல்லுவாங்க."

அந்தச் சொல் பெரியவரைப் படுக்கவிடவில்லை. மருமகனின் சாவிலிருந்து பிடுங்கி எடுத்த சாமான் அது. அதன் பெயரைச் சொல்லி வேறு வீட்டுப் பிள்ளைகளைக் கொளுத்துவார்களா? நிறுத்தியே ஆகவேண்டும். எப்படி நிறுத்துவது என்று விசாரித்ததில், காப்புரிமை என்று ஒன்று உண்டு, அது கிடைத்துவிட்டால் கேட்காமல் எவனும் அடிக்க முடியாது என்று தெரிந்தது.

காப்புரிமை வேலைக்கென்றே படித்த ஒரு அம்மாளை வைண்டர் பிடித்துக் கொடுத்தார். எல்லோருக்கும் அவர் வக்கீலம்மா. நகரத்தில் இரண்டாவது மாடியில் சின்ன அலுவலகம். அவர் லக்கைக் கையில் வாங்கி, பூதக்கண்ணாடியில் பார்த்து, நாக்கை ஊசியால் தடவிப் பார்த்தார். பெரியவருக்கு அங்கேயே அவரைப் பிடித்துவிட்டது.

"ரெண்டு விஷயம் கேப்பாங்க, ஐயா" என்றார் வக்கீலம்மா. "ஒண்ணு, இது புதுசா? ரெண்டு, தொழில் தெரிஞ்ச எவனுக்கும் தானா தோணியிருக்குமா, இல்ல மூளையைக் கசக்கினாத்தான் வருமா?"

"ரெண்டாவதுக்கு நான் பொறுப்பு."

"எனக்கு முதலாவதுதான் பயம். ஊருக்குக் காட்டின சாமானுக்கு அப்புறமா உரிமை கேக்க முடியாது. நீங்களே காட்டியிருந்தாலும்தான். காட்டி ஒரு வருஷத்துக்குள்ள கேட்டா மட்டும் மன்னிப்பாங்க. முதல் லக் எப்ப வெளியில போச்சு?"

மகள் சொன்னாள். தன் புருஷன் போன நாளிலிருந்து எண்ணிச் சொன்னாள். அவளுக்கு அந்தக் கணக்கு தப்பாது. ஒரு வருடம் முடிய இன்னும் சில வாரங்கள் பாக்கி. வக்கீலம்மா மூச்சு விட்டார்.

"வேற எங்கயாவது விளம்பரம், கிளம்பரம் உண்டா?"

"எனக்கு எதுக்கும்மா விளம்பரம்? என் கைதான் விளம்பரம்" என்றார் பெரியவர்.

அவர் மறைக்கவில்லை. பலகை என்பது விளம்பரம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பலகை என்றால் பலகை. கதவு மாதிரி, கூரை மாதிரி. மகளுக்கும் அது நினைவுக்கு வரவில்லை. வக்கீலம்மாவும் அந்தத் தெருவுக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

கெடுவுக்குள் மனு காப்புரிமை அலுவலகம் போய்ச் சேர்ந்தது. தொழிற்சாலை உடனே எதிர்த்தது. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். தெருவே கிளம்பி வந்தது: டயர்காரர், பூட்டுக்காரர், தராசுக்காரர், பெயிண்டர்கூட. வைண்டர் சாட்சி. இந்த லக் அண்ணனுடைய சொந்தச் சரக்குதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். பெரியவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மகள் மடியில் சாமான் பெட்டி.

நீள மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓடாத சுவர்க்கடிகாரம். அதிகாரிக்குச் சளி, குடுவையிலிருந்து வெந்நீரை ஊற்றிக் குடித்துக்கொண்டே இருந்தார். தொழிற்சாலையின் வக்கீல் சின்ன வயசுக்காரர். சத்தமே போடமாட்டார்; பூனை நடையில் பேசுவார்.

"பெரியவரே, தூண்டில் முள் பாத்திருக்கீங்களா?"

"மீன் தின்னுற வாயிதானே இது, பாக்காம?"

"இழுத்தா உள்ள ஊனும், இல்லையா? அதைத்தானே நீங்க குழலுக்குள்ள வெச்சிருக்கீங்க? மீன் பிடிக்கிற எவனுக்கும் தோணுமே."

பெரியவர் சிரித்தார். இந்தக் கேள்விக்குத்தான் அவர் வாழ்நாள் முழுதும் காத்திருந்தார் போல எழுந்தார். தூண்டில் முள் மாதிரி விறைப்பாக வெட்டிய நாக்கு ஒன்றை இழைகளோடு அழுத்தி, பிளந்து, அறுந்த இழைகளை அதிகாரியின் காகிதத்தில் கொட்டினார். அப்புறம் தன்னுடையதை அழுத்தினார். சின்ன வைஸின் தாடைக்குள் இறுக்கி மாட்டி, கம்பியை அதிகாரி கையிலேயே கொடுத்து இழுக்கச் சொன்னார். அதிகாரி இழுத்தார். எழுந்து நின்று இழுத்தார். தும்மினார். மறுபடி இழுத்தார். கம்பி நடுவில் அறுந்தது. லக்குக்குள் இருந்தது அசையவில்லை.

"தூண்டில் முள்ளு மீனைக் கிழிக்கும் ஐயா. என்னுது கிழிக்காமப் பிடிக்குது. அந்தப் பள்ளம் தோணுறதுக்குள்ள எனக்குப் பாதி முடி கொட்டிப்போச்சு."

அதிகாரி அறுந்த கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யாருக்கும் தானாத் தோணாது" என்று, பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுதுகிறவரிடம் சொன்னார். தெரு முழுக்க நாற்காலியில் நிமிர்ந்தது. வக்கீலம்மா முதன்முறையாகச் சிரித்தார்.

சின்ன வக்கீல் தலையாட்டி ஒப்புக்கொண்டார். பிறகு வைண்டர் பக்கம் திரும்பினார்.

"அண்ணனுக்கு ரொம்ப நெருக்கமோ?"

"கூடப் பிறக்காத பிறப்பு."

"நல்ல லக்குதான். எப்பலேர்ந்து போடுறீங்க?"

வைண்டர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் முகவாயை உயர்த்தி உட்கார்ந்திருந்தார். இப்படிப்பட்ட இடத்தில் அண்ணனின் மதிப்பைக் குறைத்துச் சொல்ல வைண்டருக்கு மனம் வருமா?

"பலகையில என்ன வருஷம் போட்டிருக்கோ, அதுலேர்ந்துதான்" என்றார். "அன்னைக்கு முதல் பிடியே எனக்குத்தான்."

வக்கீலம்மாவின் பேனா நின்றது. "எந்தப் பலகை?" என்று மகளைக் கேட்டார், உதடு மட்டும் அசைய.

சின்ன வக்கீல் ஒரு படத்தை மேசையில் வைத்தார். தகரக் கூரை, சிவப்பு எழுத்து, மஞ்சள் ஆண்டு. துளி மங்கல் இல்லாமல் எடுத்திருந்தார்கள்.

"பெரியவரே, உங்க பலகைதானே? இந்த வருஷம் சரிதானே?"

வக்கீலம்மா எழுந்து, கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்றார். அதிகாரி குடுவையைத் திறந்தபடி வெளியே கை காட்டினார்.

வெளித் தாழ்வாரத்தில் வக்கீலம்மா பெரியவரிடம் தணிந்த குரலில் பேசினார். "ஐயா, இன்னும் கெட்டுப்போகல. உள்ள போய் ஒரு வார்த்தை சொல்லுங்க. பலகையில ஆறு வருஷம் கூட்டி எழுதினேன், எங்க தெருவுல எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்கன்னு. பெயிண்டர் இங்கயே இருக்கார். தெருவுல இருக்கிற பலகை எல்லாத்தையும் நான் படம் பிடிச்சுக் கொடுக்கறேன். அதிகாரி நியாயமான மனுஷன்."

வைண்டரின் முகம் சாம்பலாகியிருந்தது. "அண்ணே, நான் இப்பதானே சத்தியம் பண்ணிச் சொன்னேன். பொய்ச்சாட்சின்னு என்னைப் பிடிச்சுடுவாங்களா?"

"நினைவுத் தப்புன்னு சொல்லிக்கலாம். திட்டுவாங்க. அதுக்கு மேல ஒண்ணும் ஆகாது" என்றார் வக்கீலம்மா.

டயர்காரரும் பூட்டுக்காரரும் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சட்டம் புரியவில்லை. பலகை என்ற சொல் மட்டும் புரிந்தது. தராசுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "நம்ம தெருப் பலகையெல்லாம் சர்க்கார் படம் பிடிக்கப் போகுதா என்ன?" என்றார் யாரையும் பார்க்காமல்.

"அப்பா" என்றாள் மகள். "உள்ளதைச் சொல்லிடுங்க."

பெரியவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அதிகாரி கேள்வியை மறுபடி படிக்கச் சொன்னார். பலகையில் உள்ள ஆண்டு சரிதானா?

பெரியவர் படத்தைப் பார்த்தார். எதிரே தொழிற்சாலை ஆட்கள் இருவர், புதுக் காலணி போட்டுக்கொண்டு, காலை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் மற்றவன் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தான். கிழவன் புளுகன் என்று சொல்லியிருப்பான். அப்படித்தான் அவருக்குக் கேட்டது.

"எழுதினது எழுதினதுதான்" என்றார். "என் பலகையில பொய் கிடையாது."

எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். பெட்டியை மடியில் வைத்திருந்த மகள், அதைத் தரையில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள்.

வைண்டரைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னாரா, தெருவைக் காப்பாற்றவா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவா என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். ஆளுக்கொரு பதில் சொன்னார். எல்லாமே உண்மை மாதிரித்தான் இருந்தது.

திரும்பி வரும் பேருந்தில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பாதித் தூரம் வந்த பிறகு கேட்டாள்.

"அந்தப் பலகை உண்மைன்னா, அவர் உயிரோட இருந்தப்பவே இந்த லக் உங்ககிட்ட இருந்துச்சுன்னு ஆகுது. தெரியுதாப்பா?"

"நீ கூடவே உக்காந்து பாத்தவதானேம்மா. எப்ப செஞ்சேன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். அங்க எழுதிக்கிட்டவங்களுக்குத் தெரியாதே."

அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நுனியில்லாத விரல் கம்பியில் படாமல் நீட்டிக்கொண்டிருந்தது.

தீர்ப்பு வந்தது. இந்த லக் மூளையைக் கசக்கிச் செய்த சாமான்தான் என்று முதலில் எழுதியிருந்தார்கள். ஆனால் செய்தவரே தன் வாயால் ஒப்புக்கொண்டபடி, மனுப் போடுவதற்குப் பல வருடம் முன்பே அது ஊரில் புழங்கியிருக்கிறது, ஆகவே புதியது அல்ல, உரிமை இல்லை, யாரும் செய்துகொள்ளலாம். வக்கீலம்மா தொலைபேசியில் படித்துக் காட்டினார். மேல்முறையீடு போடலாம், ஆனால் ஒப்புக்கொண்ட வார்த்தையை விழுங்க முடியாது என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பெரியவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தொழிற்சாலை அந்த மாதமே அட்டைப்பெட்டியில் 'உள்நாக்கு' என்று அச்சடித்துக் கடைகளுக்கு அனுப்பியது.

ஊரில் பேச்சு வேறு விதமாகப் போயிற்று. தொழிற்சாலை ஆட்கள் சொன்னார்களோ, தெருவே சொல்லிக்கொண்டதோ, ஒரு நாள் சம்பந்தியம்மா, மருமகனைப் பெற்றவர், கொட்டகைக்கு வந்தார். மகன் செத்த பிறகும் அந்த அம்மாள் பெரியவரிடம் ஒரு சுடுசொல் பேசியது கிடையாது. விதி என்று விட்டிருந்தார். வாசலிலேயே நின்று பலகையை அண்ணாந்து பார்த்தார். படிக்கத் தெரிந்தவர்.

"உள்ள வாங்க அத்தை" என்றாள் மகள்.

"நான் உக்கார வரல. உங்கப்பாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்." பெரியவர் பக்கம் திரும்பினார். "சம்பந்தி, நல்லது உங்க கையில இருக்கும்போதே என் பிள்ளைக்கு மட்டும் பழசைப் போட்டுக் கொடுத்தீங்களா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல. அவன் போனதுக்கு அப்புறம்தான் இதைச் செஞ்சேன். பலகைக்கு வயசைக் கூட்டி எழுதினேன், அவ்வளவுதான்."

"சர்க்கார்கிட்ட அப்படிச் சொல்லலையே."

"சொல்லல."

"அங்க சொல்லாததை இங்க சொன்னா நான் எதை நம்பறது?"

பெரியவரின் வாய் திறந்தது. அந்த வாயிலிருந்து வார்த்தை வராமல் போனதை மகள் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தாள். "அத்தை, நான் சொல்றேன். நான் இந்த முக்காலியில உக்காந்து பாத்தேன்" என்றாள்.

சம்பந்தியம்மா அவள் கன்னத்தைத் தொட்டார். "நீ அவர் பொண்ணும்மா. வேற என்ன சொல்லுவே" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் கொட்டகைக்கோ வீட்டுக்கோ அவர் வரவில்லை. மகள் போய் நின்றால் கதவைத் திறப்பார், தண்ணீர் கொடுப்பார், அத்தோடு சரி.

மறுநாள் காலை பெரியவர் பெயிண்டரைக் கூப்பிட்டார்.

"வருஷத்தை அழிச்சு உள்ள வருஷத்தை எழுது."

"குறைக்கவா?" பெயிண்டர் ஏணியைச் சாய்க்காமல் நின்றார். "அண்ணே, நான் இந்தத் தெருவுல யாருக்கும் குறைச்சு எழுதினதில்ல. பக்கத்துக் கடைக்காரன் என்ன நினைப்பான்?"

"எழுதுடா."

மஞ்சள் ஆண்டு போயிற்று. புது ஆண்டு வந்தது. பெரியவர் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார். மகள் பார்த்தால் மனம் ஆறும் என்று நினைத்தார். இதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

மகள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். அண்ணாந்தாள். நின்ற இடத்திலேயே நின்றாள்.

"இது அவர் போன வருஷம்ப்பா" என்றாள்.

பெரியவர் பலகையைப் பார்த்தார். ஆமாம். லக் பிறந்த வருடம் என்றால் அந்த வருடம்தான். வேறு எந்த வருடமாக இருக்க முடியும்?

"தினமும் இதுக்குக் கீழ நுழைஞ்சுதான் நான் வேலைக்கு வரணுமா?"

அவள் கத்தவில்லை. தூக்கை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய் பிரஸ்ஸுக்கு எண்ணெய் விடத் தொடங்கினாள். பெயிண்டர் இன்னும் கிளம்பவில்லை. பெரியவர் அவர் ஏணியை வாங்கி, தானே ஏறி, திருகுகளைக் கழற்றி, பலகையைத் தோளில் சாய்த்து இறக்கினார். பெயிண்டர் கீழே பிடித்துக்கொண்டார். ஈர வர்ணம் பெரியவர் சட்டையில் ஒட்டியது.

பலகை இப்போது கொட்டகைக்குள் இரண்டு பீப்பாய்களின் மேல் எழுத்துப் பக்கம் கீழாகக் கிடக்கிறது. அதன் மேல்தான் மகள் லக்குகளைப் பிரித்து அடுக்குகிறாள். தெருவில் பலகை இல்லாத கடை அது ஒன்றுதான். வைண்டர் கொஞ்ச நாள் வெட்கப்பட்டு ஒதுங்கியிருந்தார். பிறகு வந்தார், முன்போல உரக்கப் பேசுவதில்லை.

"பலகை இல்லாம புதுசா வர்றவன் எப்படிம்மா கண்டுபிடிப்பான்?" என்று ஒரு தடவை கேட்டார்.

"வர்றாங்களே சித்தப்பா" என்றாள் மகள். "எரிஞ்சதைக் கையில எடுத்துக்கிட்டு வர்றாங்க. வழி கேட்டுக் கேட்டு வந்துடறாங்க."

உண்மைதான். போன வாரம்கூட ஒருவர் வந்தார், மர அறுவை மில் வைத்திருப்பவர். கைக்குட்டையைப் பிரித்து ஒரு கரிக்கட்டியைப் பெரியவர் முன்னால் வைத்தார்.

"உள்நாக்குன்னு சொல்லித்தான் வாங்கினேன். நீங்கதானே இதைக் கண்டுபிடிச்சவர்?"

இந்தக் கேள்வியைக் கேட்கிறவனுக்கு ஒரு காலத்தில் உட்கார நாற்காலியும் அரை நாள் பேச்சும் கிடைத்திருக்கும். பெரியவர் துண்டை எடுத்தார். சுண்டவில்லை, பார்த்ததுமே தெரிந்தது. பேப்பர் தகடு, ஒடிந்த நாக்கு.

"ஆளுக்கு ஏதும் ஆச்சா?"

"ஒருத்தனுக்கு ரெண்டு கையும் வெந்துபோச்சு. பிழைச்சுக்கிட்டான். கை வருமான்னு தெரியல."

இது என்னுடையது இல்லை என்று சொல்ல அவர் வாயெடுத்தார். சொன்னால் இவர் நம்புவாரா என்று மகளைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை, பலகையின் முதுகின் மேல் லக்குகளை எண்ணி ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பையை மில்காரர் பக்கம் நகர்த்தினாள்.

"பெட்டி முழுக்கப் பழசைக் கழட்டிட்டு இதை மாட்டுங்க" என்றார் பெரியவர். "மாட்டத் தெரியலைன்னா சொல்லுங்க, நானே வர்றேன்."